கிணற்றடி ராஸ்பெரி பையில் நேரம் பிசகாமல் வைத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வளவுக் கிணற்றின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதிவைக்க ராஸ்பெரி பை 3 என்ற கையகலச் சிறு கொம்பியூட்டர் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறதே, அதுதான் எல்லாருக்கும் தண்ணீர். மோட்டார் போட்டால் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஊறி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒரு நாள் பின்னேரம் 6:45க்குக் கரண்ட் போனது. இரவு 9:40க்கு வந்தது. அடுத்த நாள் காலை கோப்பைத் திறந்து பார்த்தேன். 6:45 என்ற வரிக்கு அடுத்த வரி 6:18. பிறகு 6:19, 6:20 என்று ஒழுங்காகப் போய் 6:25. அதற்கு அடுத்த வரி 9:49. அன்று பின்னேரம் 6:18 இரண்டு தடவை நடந்திருக்கிறது! நேரப்படி அடுக்கி வரைபடம் போட்டால், ஊறி ஏறிக்கொண்டிருந்த கிணறு நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கி வாள் பல்லுப்போலக் காட்டியது. அளவுகள் எல்லாம் சரியானவை. நேரம் மட்டும்தான் பிழை. ஆனால் அந்தப் பிழையால் அன்றைய அளவுகள் முழுவதும் பயனில்லாமல் போயின.

நேரம் தெரியாது என்று கருவி சொன்னால் நாம் சமாளிக்கலாம். பிழையான நேரத்தைச் சரியான நேரம்போல எழுதிவைத்தால் அதைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கு ஆகும். இந்த வழிகாட்டி அதைத் தடுப்பதற்குத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

பை ஏன் நேரத்தை மறக்கிறது

மேசைக் கொம்பியூட்டரின் மதர்போர்ட்டில் காசுபோல ஒரு பற்றரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் உள்ளே ஒரு சின்ன மணிக்கூட்டை அது ஓட்டிக்கொண்டிருக்கும். ராஸ்பெரி பை 1 முதல் 4 வரை எதிலும் அந்த மணிக்கூடு இல்லை. 2023இல் வந்த பை 5இல் மட்டும் இருக்கிறது, அதற்கும் பற்றரி நாம்தான் பூட்ட வேண்டும்.

மணிக்கூடு இல்லாத பை, எழும்பும்போது 1970 ஜனவரி 1 என்று தொடங்கக் கூடாது அல்லவா. அதற்காக ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்று ஒரு சிறு மென்பொருள் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் பல காலமாக இருக்கிறது. பை அணையும்போதும், இடையில் மணிக்கு ஒரு தடவையும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அடுத்த முறை எழும்பும்போது அங்கிருந்து தொடங்கும். இந்த ஓஎஸ் சேர்ந்த டெபியன் குடும்பத்தில் மணிக்கொரு தடவை ஓடும் வேலைகள் ஒவ்வொரு மணியிலும் 17ஆம் நிமிடத்தில் ஓடும். என் கோப்பில் 6:18 ஏன் வந்தது என்று இப்போது விளங்கும்: 6:17க்கு எழுதிவைத்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு 9:40க்கு எழும்பியது. பையில் செருகியிருக்கும் 4ஜி டொங்கிள் இணையத்தைப் பிடிக்க எட்டு நிமிடம் எடுத்தது. அதுவரை பழைய நேரத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். இணையத்தை மட்டும் நம்பி நேரம் வைத்தால் இப்படியான இடத்தில் நிற்காது. பற்றரி மணிக்கூடு முதல், இணையம் இரண்டாவது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

நேர வலயம்: கொழும்பா, கொல்கத்தாவா

முதலில் செய்ய வேண்டிய சின்ன வேலை இது. டைம்டேட்சிடிஎல் என்று தனியே அடித்தால் இப்போது எந்த வலயத்தில் இருக்கிறது என்று சொல்லும். மாற்ற: சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொலம்போ. இதில் ஏசியாவின் முதல் எழுத்தும் கொலம்போவின் முதல் எழுத்தும் மட்டும் பெரிய எழுத்து.

இரண்டும் உலக நேரத்துக்கு 5:30 முன்னேதானே, இந்திய வலயத்தைப் போட்டால் என்ன என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்றைய நேரத்துக்கு வித்தியாசம் இல்லை. பழைய தரவு வைத்திருப்பவர்களுக்கு இருக்கிறது. 1996 மே 25இல் இலங்கை நேரம் ஒரு மணி முன்னே போய் 6:30 ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்து 6:00 ஆனது. 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி 5:30. அந்த ஆண்டுகளில் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் பார்க்கப் போனால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

கொலம்போ வலயத்துக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 1998 ஜூன் 1 காலை 10:00 என்று ஒரு பழைய மழைக் குறிப்பு இருந்தால், கொலம்போ வலயம் அதை உலக நேரம் 4:00 என்று சரியாக மாற்றும். கொல்கத்தா வலயம் 4:30 என்று மாற்றும். வன்னிக் குறிப்புகளுக்கு மட்டும் எந்த வலயக் கோப்பும் உதவாது. எழுதியவர் எந்த நேரத்தில் எழுதினார் என்று விசாரித்துத்தான் மாற்ற வேண்டும்.

இதனால்தான் என் நிரல் இப்போது கோப்பில் உலக நேரத்தையே எழுதுகிறது. உள்ளூர் நேரம் வரைபடத்தில் காட்டுவதற்கு மட்டும்.

பற்றரி மணிக்கூடு பூட்டுதல்

கடையில் ஆர்டிசி என்று கேட்டால் இரண்டு சிப்பில் ஒன்று தருவார்கள். டிஎஸ்1307ஐ வாங்க வேண்டாம். அதற்கு 5 வோல்ட் வேண்டும், அதோடு துடித்து நேரம் எண்ண உதவும் பளிங்கு வெயிலில் சூடேறினால் ஓட்டம் மாறும். சாதாரணப் பளிங்குக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது வழக்கமான அளவு. கேட்கச் சின்னதாக இருக்கும், கணக்குப் பார்த்தால் நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 வினாடி. பங்குனி, சித்திரையில் கிணற்றடித் தகரப் பெட்டிக்குள் இருக்கிற சூட்டில் இன்னும் கூடலாம்.

டிஎஸ்3231 வாங்குங்கள். தன் சூட்டைத் தானே அளந்து, பளிங்கின் ஓட்டத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும் சிப் இது. 0 முதல் 40 பாகை வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும், அதாவது மாதத்துக்கு 5 வினாடி அளவு. சிப்பின் முதுகில் உள்ள எழுத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். கடைசியில் எஸ்என் என்று இருந்தால் இந்தக் கணக்கு. எம் என்று இருந்தால் உள்ளே பளிங்கு இல்லாத வேறு வகை, பிழை பத்து லட்சத்தில் 5 பங்கு, மாதத்துக்கு 13 வினாடி. கிணற்று வேலைக்கு அதுவும் போதும்.

இப்போது முக்கியமான ஒரு விடயம். பின்பக்கம் இசட்எஸ்-042 என்று அச்சடித்த நீல மொடியூல்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றும் சுற்று ஒன்று இருக்கிறது: கண்ணாடிக் குழாய்போல ஒரு டயோட், பக்கத்தில் 201 என்று எழுதிய கடுகளவு ரெசிஸ்டர். சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032 பற்றரியை நினைத்து அதை வைத்திருக்கிறார்கள். நம் கடைகளில் கிடைப்பது சிஆர்2032, அது சார்ஜ் ஏற்றக் கூடாத பற்றரி. மொடியூலை 5 வோல்ட்டில் பூட்டினால் 3 வோல்ட் பற்றரிக்குள் 4 வோல்ட்டுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். பற்றரி வீங்கும், கசியும், வெடிக்கவும் கூடும். எல்ஐஆர் பற்றரிக்கே அது அதிகம். சோல்டரிங் அயனை வைத்து அந்த 201 ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள். அயன் இல்லாவிட்டால் கூரான கத்தி நுனியால் நெம்பினாலும் வந்துவிடும், பக்கத்துக் கோடுகளைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சிஆர்2032 போடலாம், பல ஆண்டுக்கு நிற்கும்.

பையை அணைத்து, கரண்ட் வயரையும் கழற்றிவிட்டு நான்கு வயர் பூட்டுங்கள். மொடியூலின் விசிசி பையின் 1ஆம் பின்னுக்கு, எஸ்டிஏ 3ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் 5ஆம் பின்னுக்கு, ஜிஎன்டி 6ஆம் பின்னுக்கு. 1ஆம் பின் 3.3 வோல்ட். பக்கத்தில் உள்ள 2ஆம் பின் 5 வோல்ட், அதில் பூட்டிவிடாதீர்கள்.

எழுப்பிய பிறகு சூடோ ராஸ்பி-கொன்ஃபிக் போய் இன்டர்ஃபேஸ் பகுதியில் ஐ2சியைத் திறந்துவிடுங்கள், பையும் சிப்பும் பேசிக்கொள்ளும் வழி அது. ஐ2சி-டூல்ஸ் நிறுவி, சூடோ ஐ2சிடிடெக்ட் -ஒய் 1 என்று அடித்தால் ஒரு கட்டம் வரும். அதில் 68 என்ற எண் தெரிந்தால் மணிக்கூடு பேசுகிறது. 57 என்றும் ஒன்று தெரியும், அது மொடியூலில் உள்ள நினைவகம், கவலை வேண்டாம். இரண்டும் தெரியாவிட்டால் எஸ்டிஏயும் எஸ்சிஎல்லும் மாறியிருக்கும்.

அடுத்து பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் அடைவில் உள்ள கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231. பழைய ஓஎஸ்ஸில் இந்தக் கோப்பு நேரே பூட் அடைவிலேயே இருக்கும். மீள எழுப்பி மறுபடி ஐ2சிடிடெக்ட் அடியுங்கள். 68 இருந்த இடத்தில் இப்போது யூயூ என்று வர வேண்டும். ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் அந்த மணிக்கூட்டைப் பொறுப்பெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இனிப் பொய் மணிக்கூட்டை அகற்றலாம்: சூடோ ஆப்ட் பர்ஜ் ஃபேக்-எச்டபிள்யூகிளாக். இணையம் இருக்கும்போது நேரம் சரியா என்று டேட் அடித்துப் பார்த்துவிட்டு, சூடோ எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ அடித்தால் அந்த நேரம் சிப்புக்குள் எழுதப்படும். எச்டபிள்யூகிளாக் -ஆர் அடித்தால் சிப்பில் உள்ளதைப் படித்துக் காட்டும். எப்போதாவது அது 2000 ஜனவரி 1ஐ ஒட்டிய நேரத்தைக் காட்டினால் பற்றரி செத்துவிட்டது, அல்லது பற்றரியின் தகடு சரியாகத் தொடவில்லை. நம் கடற்காற்றில் அந்தத் தகட்டில் பச்சை பிடிக்கும். மாரிக்கு முன் ஒரு தடவை கழற்றித் துடைத்துவிடுங்கள்.

பழைய ஓஎஸ் சிலவற்றில், எல்லாம் சரியாகப் பூட்டியும் எழும்பும்போது சிப்பின் நேரம் எடுபடாது. லிப் அடைவுக்குள் யூடெவ் அடைவில் எச்டபிள்யூகிளாக்-செட் என்ற கோப்பைத் திறந்து, சிஸ்டம்டி இருந்தால் வெளியேறு என்று சொல்லும் தொடக்க மூன்று வரிகளுக்கு முன்னால் # போடுங்கள். சரியாகிவிடும்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஜே5 என்ற சிறு இணைப்பில் சார்ஜ் ஏற்றக்கூடிய எம்எல்2020 பற்றரியைச் செருகி, கொன்ஃபிக்.டிஎக்ஸ்டியில் டிடிபாரம்=ஆர்டிசி_பிபாட்_விசிஎச்ஜி=3000000 என்று எழுதினால் சார்ஜ் ஏறும். அந்த வரியை எழுதிவிட்டு சாதாரண லித்தியம் பற்றரியைச் செருகக் கூடாது, மேலே சொன்ன அதே ஆபத்து.

இணைய நேரம்: குரோனி

என் அம்மப்பா சுவர் மணிக்கூட்டைக் கோயில் மணி கேட்டுத்தான் திருப்புவார். கோயில் அரை மைலுக்கு அப்பால். மணி அடித்த சத்தம் எங்கள் வீட்டுக்கு வர இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கும், ஆகவே அவருடைய மணிக்கூடு எப்போதும் அந்த இரண்டு வினாடி பிந்தித்தான் ஓடியிருக்கும். இணையத்தில் நேரம் கேட்பதிலும் இதே சிக்கல்தான். என்டிபி என்ற முறை அதைத் தீர்க்கும் விதம் அழகானது: கேள்வி போன நேரம், அங்கே சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், இங்கே வந்த நேரம் நான்கையும் குறித்துக்கொண்டு, போக வர எடுத்த நேரத்தில் பாதியைக் கழித்துவிடும். டேவிட் மில்ஸ் வடிவமைத்தது, 1985இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. போகிற வழியும் வருகிற வழியும் ஒரே நேரம் எடுத்தால் கணக்குச் சரி. 4ஜி டொங்கிளில் அப்படி இருக்காது, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேகம் வேறு. அதனால் சில மில்லிவினாடி முதல் சில பத்து மில்லிவினாடி வரை பிழை மிஞ்சும். கிணற்றுக்கு அது ஒன்றுமே இல்லை.

ஓஎஸ்ஸோடு வரும் டைம்சிங்க்டி ஒரு சேவையகத்தை மட்டும் கேட்டு நேரத்தைத் திருத்தும். விட்டுவிட்டு வரும் இணையத்துக்குக் குரோனிதான் பொருத்தம். உங்கள் பையின் பளிங்கு எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்று அது படித்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும். இணையம் இல்லாத வேளையிலும் அந்தக் கணக்கை வைத்தே திருத்திக்கொண்டிருக்கும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோனி என்று அடித்தால் போதும், டைம்சிங்க்டி தானாக அகன்றுவிடும்.

ஈடிசி அடைவுக்குள் குரோனி அடைவில் உள்ள குரோனி.கொன்ஃப் கோப்பைத் திறந்தால் டெபியன் பூல் வரி (பூல் என்றால் நேரச் சேவையகங்களின் கூட்டம்) ஏற்கெனவே இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஏசியா.பூல்.என்டிபி.ஓஆர்ஜியை இன்னொரு பூல் வரியாகச் சேர்க்கலாம். கூகிளின் நேரச் சேவையகத்தை மட்டும் இவற்றோடு கலக்க வேண்டாம். உலக நேரத்தில் எப்போதாவது கூட்டப்படும் லீப் வினாடி வந்தால் அவர்கள் அதை ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கொடுப்பார்கள், மற்றவர்கள் ஒரே அடியாகக் கொடுப்பார்கள், குரோனி குழம்பும். மேக்ஸ்டெப் 1 3 என்ற வரி இருக்கிறதா பாருங்கள்: தொடக்கத்தில் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டும் நேரத்தைத் தாண்டவிடலாம், அதன் பிறகு மெல்ல மெல்ல இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் பொருள். ஆர்டிசிசிங்க் என்ற வரியும் இருக்க வேண்டும். அது இருந்தால் இணையத்தில் கிடைத்த நேரத்தைக் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒரு தடவை பற்றரி மணிக்கூட்டுக்குள் எழுதிவிடும்.

ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுக் குரோனிசி சோர்சஸ் அடியுங்கள். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் உள்ளதுதான் இப்போது நம்பும் சேவையகம். ரீச் என்ற தலைப்பின் கீழ் 377 என்று இருந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. குரோனிசி டிராக்கிங் அடித்தால் ஃப்ரீக்வன்சி என்ற வரியில் உங்கள் பையின் பளிங்குக் குணம் தெரியும். பகல் ஒரு மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் அதைப் பார்த்து எழுதிவையுங்கள். வெயிலோடு எண் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

நிரல் எழுதுபவர்களுக்கு

மணிக்கூட்டைச் சரியாக்கியும் நிரல் பிழைவிடலாம். இரண்டு அளவுக்கு இடையில் எத்தனை வினாடி என்று பார்க்கப் பைத்தனில் டைம்.டைம் பாவிக்காதீர்கள், டைம்.மோனோடொனிக் பாவியுங்கள். நேரம் திருத்தப்பட்டுத் தாண்டினாலும் அது பின்னே போகாது.

இணைய நேரம் கிடைக்கும்வரை நிரலைத் தொடங்காமல் நிறுத்திவைக்க வழி இருக்கிறது, டைம்-சிங்க்.டார்கெட் என்று தேடினால் வரும். நான் அதை விரும்பவில்லை. இணையம் இரண்டு நாள் வராவிட்டால் இரண்டு நாள் அளவு போய்விடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியிலும் கூடுதலாக ஓர் எழுத்து எழுதுகிறேன்: பற்றரி மணிக்கூட்டு நேரம் என்றால் ப, இணையத்தோடு ஒத்துப்போன நேரம் என்றால் இ. டைம்டேட்சிடிஎல் ஷோ -பி என்டிபிசிங்க்ரனைஸ்ட் என்ற கட்டளை ஆம், இல்லை என்று சொல்லிவிடும். பெரிய எழுத்து வரும் இடங்களில் மட்டும் கவனம்: முதல் நான்கும் பெரியவை. பிறகு தரவைப் பார்ப்பவருக்கு எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

ஜிபிஎஸ் வேண்டுமா

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். இணையமே இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும், அல்லது மில்லிவினாடிக்குக் கீழ் துல்லியம் வேண்டும் என்றால் மட்டும் போங்கள். வினாடிக்கு ஒரு துடிப்புத் தரும் பிபிஎஸ் பின் உள்ள மொடியூலாகப் பார்த்து வாங்க வேண்டும். யூஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் அந்தத் துடிப்பு கிடைக்காது, நேரம் பத்தில் ஒரு வினாடி அளவுக்கு ஆடும். துடிப்பைப் பையின் 12ஆம் பின்னில் பூட்டி, டிடிஓவர்லே=பிபிஎஸ்-ஜிபிஐஓ,ஜிபிஐஓபின்=18 என்று எழுதி, குரோனியில் ரெஃப்கிளாக் வரிகளைச் சேர்த்தால் மைக்ரோவினாடிக் கணக்கில் நிற்கும். அன்டெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும். கொங்கிரீட் கூரைக்குக் கீழே வைத்தால் பிடிக்காது.

சோதனை

இதைச் செய்யாமல் பெட்டியை மூடாதீர்கள். டொங்கிளைக் கழற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வயரைப் பிடுங்குங்கள், மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராது. எஸ்டி கார்டின் ஒரு பிரதியை முன்னமே எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. அரை மணித்தியாலத்துக்கு மேல் விடுங்கள். டொங்கிள் இல்லாமலே மறுபடி எழுப்பி, கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேட் அடித்துப் பாருங்கள். ஒரு வினாடிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

நான் இதைச் செய்தபோது பின்னேரம் 5:10க்கு வயரைப் பிடுங்கி 5:52க்குச் செருகினேன். கோப்பில், உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால், 5:10க்கு அடுத்த வரி 5:53, பக்கத்தில் ப என்ற எழுத்து. இடையில் 42 நிமிடம் வெறுமை. அந்த 42 நிமிடத்தில் கிணறு 11 சென்ரிமீற்றர் ஏறியிருந்தது.